மெதுவான இடம்

என் தங்கை புருஷனைப் பற்றி நல்லதாக நாலு விஷயம் சொல்லு என்று யாராவது கேட்டால், முதல் மூன்று தடையில்லாமல் வரும். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், பொய் சொல்ல மாட்டார். நாலாவதுக்குத்தான் யோசிக்க வேண்டும். தான் பிடித்த பிடியிலேயே நிற்க மாட்டார் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். சொன்னால் நான் பொய் சொன்னவள் ஆவேன்.

அவருடைய தொழிலைச் சொந்தக்காரர்களுக்குப் புரியவைக்க நான் படாத பாடு பட்டிருக்கிறேன். பாட்டு வேலை என்றால் "பாடுவாரா?" என்பார்கள். இல்லை. "வாசிப்பாரா?" அதுவும் இல்லை. அப்புறம் என்னதான் செய்வார் என்று ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். இன்னொருவர் கம்ப்யூட்டரில் செய்து முடித்த இசையை வாங்கி, அது போனிலும் காரிலும் பெரிய கூடத்திலும் கெட்டுப்போகாமல் நிற்கும்படி கடைசிக் கை வைத்துக் கொடுப்பார். மாஸ்டரிங் என்று பெயர். தைத்து முடித்த சட்டைக்கு இஸ்திரி போடுகிற வேலை என்று நான் ஒருமுறை சொல்லிவைத்தேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அதைவிட நன்றாகச் சொல்ல அவராலும் முடியவில்லை.

அந்தத் தொழிலில் பாதிச் சண்டை சத்தத்தைப் பற்றியது. அவர் கைக்கு வருவதெல்லாம் எலக்ட்ரானிக் இசை. தட்டுகிற அடி ஒன்று, வயிற்றில் விழுகிற பேஸ் ஒன்று, மேலே காற்றுப் போல ஏதோ ஒன்று. கம்ப்ரஸர் என்ற கருவி எகிறிப் போகிற சத்தத்தை அமுக்கும். எகிறியதை அமுக்கிவிட்டால் மொத்தத்தையும் மேலே தூக்கலாம், தூக்கினால் கேட்பவருக்கு முதல் நொடியிலேயே பிடித்துவிடும். அளவோடு அமுக்கினால் இசை கட்டுக்கோப்பாக நிற்கும். அளவு மீறினால் மெதுவாக வர வேண்டியதும் பலமாக வர வேண்டியதும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். அடி விழுந்தால் அடி விழுந்த மாதிரியே இருக்காது.

வருகிறவர்கள் எல்லாரும் "இன்னும் கொஞ்சம் சத்தமா" என்பார்கள். இவர் "கொஞ்சம் குறைச்சுக்கலாமா?" என்பார். இதைச் சொல்லிச் சொல்லியே தொழிலில் இவருக்குக் 'குறைச்சல்' என்று பெயர் விழுந்துவிட்டது. முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிடுவார்கள், இவரும் திரும்பிப் பார்ப்பார்.

"பாட்டுச் செயலி எல்லாம் இப்ப எல்லாப் பாட்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்துதான் போடுது. நீங்க ஏத்தி வெச்சா அது உங்க சத்தத்தைக் குறைச்சிடும். அமுங்கினது அமுங்கினதுதான், ஏத்தின சத்தமும் மிஞ்சாது. எதுக்கு இந்த வேலை?" என்று வந்தவர்களுக்கெல்லாம் பாடம் நடத்துவார். பாதிப் பேர் கேட்டுக்கொண்டார்கள். மீதிப் பேர் வேறு இடம் பார்த்துக்கொண்டு போனார்கள்.

அவர்கள் குடியிருப்பது மூன்றாவது மாடி. நான் முதல் மாடி. இரண்டு படுக்கையறை வீட்டில் பெரிய அறையை வேலைக்கு எடுத்துக்கொண்டு, சின்ன அறையில் இரண்டு பேரும் சுவரோடு சுவராகப் படுத்துக்கொள்வார்கள். பெரிய அறையின் சுவர் முழுக்கத் துணி போர்த்திய பலகைகள். கதவின் விளிம்பில் ரப்பர். உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் நம் மூச்சு நமக்கே கேட்கும். மேசையில் ஒரு திருகு இருக்கும், ஸ்பீக்கரின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க. அந்தத் திருகின் பக்கத்தில் வெள்ளை டேப்பில் ஒரு கோடு. இருபது வருஷமாக அந்தக் கோட்டில் வைத்துத்தான் எல்லாவற்றையும் கேட்பார். சத்தம் கூடினால் மட்டமான வேலையும் நல்ல வேலை மாதிரிக் காதை ஏமாற்றிவிடும், அதனால் கேட்கிற அளவு மாறவே கூடாது என்பது அவர் சட்டம். பழைய வடிவத்தையும் புதிய வடிவத்தையும் ஒப்பிடும்போதுகூட முதலில் இரண்டின் சத்தத்தையும் சமப்படுத்திவிட்டுத்தான் எது நல்லது என்று வாய் திறப்பார்.

என் தங்கை அந்த இசையை உண்டாக்குகிறவள். தன் முதல் வேலையை மாஸ்டரிங் செய்ய இவரிடம் எடுத்துக்கொண்டு போனாள், அப்படியே கல்யாணத்தில் முடிந்தது. வெளியாள் முன்னால் 'நீங்க', வீட்டுக்குள் 'நீ' என்பாள். குறும்படங்களுக்கும் நடனக் குழுக்களுக்கும் செய்துகொடுப்பாள், வருஷத்துக்கு ஒன்று தனக்கென்று ஒரு தொகுப்பு வெளியிடுவாள். அவள் இசை எப்போதும் ஒன்றுமில்லாததிலிருந்து ஆரம்பிக்கும். பக்கத்து அறையில் யாரோ தூங்குகிற மாதிரி ஒரு ஒலி. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் அப்படியே போகும். நமக்கே பொறுமை போகிற நேரத்தில்தான் அடி விழும். அந்த ஆரம்பத்தைக் கேட்டுத்தான் இவர் விழுந்தார் என்று எனக்குத் தெரியும். "இவ மெதுவா வைக்கத் துணிஞ்சவ அக்கா" என்று பெண் பார்க்க வந்த அன்றே என்னிடம் சொன்னார். பெண்ணின் நிறம், படிப்பு, சமையல் எதைப் பற்றியும் அவர் பேசவில்லை.

அவர்களுக்குள் ஒரு பழக்கம் இருந்தது. பாட்டு முடிகிறபோது சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து அடங்கும் அல்லவா, அது எங்கே முற்றிலும் நிற்க வேண்டும் என்பதை அவள்தான் முடிவு செய்வாள். அவள் கண்ணை மூடி நாற்காலியில் உட்காருவாள். இவர் ஓடவிடுவார். ஒலி தனக்கு இல்லாமல் போன நொடியில் அவள் விரலைத் தூக்குவாள். இவர் அங்கே குறித்துக்கொள்வார். இவர் காதில் எப்போதோ நின்றுபோனது அவள் காதில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். பாம்புக் காது என்று அவளைக் கிண்டல் செய்வார்.

மூன்று வருஷத்துக்கு முன்பு அவள் ஒரு புது ராகம் பிடித்தாள்.

"ஆரம்பம் கேக்கவே மாட்டேங்குது. கொஞ்சம் ஏத்து."

"நீதானே மெதுவா வெச்ச?"

"வெச்சேன். இப்ப ஏத்துன்னு சொல்றேன்."

அவர் அரை டெசிபல் ஏற்றினார். அவள் போதாது என்றாள். இன்னும் ஒன்று. போதாது. அடுத்த வேலையிலும் அதே கதை. மெதுவானதைத் தூக்கு, பலமானதை அமுக்கு, எல்லாம் மேலே வரட்டும் என்பாள். அதற்கு நடுவில் பலமான அடி வரும்போது மட்டும் முகத்தைச் சுளித்து, "இது ஏன் இப்படிக் குத்துது?" என்று அதற்கும் சண்டை போடுவாள். ஏற்றினாலும் குற்றம், விட்டாலும் குற்றம்.

குறைச்சலுக்கு ஒரே ஒரு காரணம்தான் தோன்றியது. ஊரோடு சேர்ந்து இவளும் கெட்டுவிட்டாள். போனில் கேட்டுக் கேட்டு, மற்றவர்கள் சத்தத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டு, தன் இசையைத் தானே நசுக்கச் சொல்கிறாள். இப்படித்தான் என்னிடம் வந்து புலம்பினார். தான் இல்லாத நேரத்தில் அறைக்குள் போகிறாள், திருகு ஒவ்வொரு தடவையும் வெள்ளைக் கோட்டைத் தாண்டி இரண்டு விரற்கடை தள்ளி நிற்கிறது, தொட்டால் திரும்ப அந்த இடத்தில் வைக்க வேண்டும் என்ற ஒழுங்குகூட இல்லை என்றார். மனிதருக்கு அன்று கோபம் மூக்குக்கு மேல் இருந்தது. அந்தத் திருகு என்ன சொல்கிறது என்று அவருக்குத் தோன்றவில்லை. தன் சட்டம் மீறப்பட்டது மட்டும்தான் தெரிந்தது.

ஒருநாள் சண்டை முற்றிவிட்டது. படிக்கட்டுவரை கேட்டது. நான் ஏறிப் போனபோது அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

"உன் காது கெட்டுப்போச்சு. அதான் விஷயம். நல்லது கெட்டது தெரியாத அளவுக்குக் கெட்டுப்போச்சு."

அவள் பதிலுக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. என் தங்கை வாய்க்கு வாய் பேசாமல் விட்டால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். எனக்கு அது தெரியும். தெரிந்தும், புருஷன் பெண்டாட்டிக்குள் நமக்கென்ன என்று கீழே இறங்கி வந்துவிட்டேன்.

அவரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு நான் ஒதுங்கிக்கொள்ள முடியாது. நான் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். பதினெட்டு வருஷமாக அதே நாற்காலி, அதே எழுத்துப் பலகை. பார்வை குறைந்ததை மறைக்க மனிதர்கள் என்னென்ன செய்வார்கள் என்று எனக்கு அத்துப்படி. பேப்பரைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடிப்பார்கள், வெளிச்சம் போதவில்லை என்று விளக்கைத் திட்டுவார்கள். வெளியே காத்திருக்கும்போதே பலகையின் எழுத்துகளை மனப்பாடம் செய்துகொண்டு வந்து கடகடவென்று ஒப்பிப்பவர்களும் உண்டு. நான் பலகையைத் திருப்பிவிட்டு ஆளைப் பிடித்துவிடுவேன். கடையில் என்னை ஏமாற்ற முடியாது என்று எனக்கு ஒரு கர்வம்.

அப்படிப்பட்டவள் என் தங்கை விஷயத்தில் கோட்டைவிட்டேன். படியில் அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டேன், திரும்பவில்லை. நாலு பேர் தெரிந்துகொண்டதும் திமிர் வந்துவிட்டது என்று நினைத்தேன். போனில் பேசினால் "நேர்ல வா, பேசலாம்" என்று வைத்துவிடுவாள். அக்காவிடம் பேசக்கூட அம்மணிக்கு நேரமில்லை என்று நான் ஒரு மாதம் முகம் தூக்கிக்கொண்டு திரிந்தேன். நேரில் பேசும்போது மட்டும் கண்ணெடுக்காமல் என் வாயையே பார்ப்பாள். பாசம் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த வருஷத் தொகுப்பை அவள் இவரிடம் கொடுக்கவில்லை. 'செங்கல்' என்று ஒருவர் இருக்கிறார். அவர் கை வைத்து முடித்த பாட்டைக் கம்ப்யூட்டரில் பார்த்தால் மேடு பள்ளம் இல்லாமல் செங்கல் மாதிரி இருக்கும், அதனால் அந்தப் பெயர். அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். கட்டின புருஷன் அடுத்த அறையில் உட்கார்ந்திருக்கும்போது செங்கல்லிடம் போனது தொழிலில் எல்லாருக்கும் தெரிந்துபோனது. இவர் பத்து நாள் அவளோடு பேசவில்லை.

தொகுப்பு வெளிவந்தது. கேட்டவர்கள் அலுப்பாக இருக்கிறது என்றார்கள், மூன்றாவது பாட்டிலேயே தலை வலிக்கிறது என்று எழுதினார்கள். மாஸ்டரிங் செய்த பழைய ஆள் எங்கே போனார் என்று கேட்டார்கள். இவர் அதையெல்லாம் ஒன்று விடாமல் படித்துவிட்டு, சாப்பிடும்போது "பாத்தியா" என்று மட்டும் சொன்னாராம். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். இதை அவரே என்னிடம் சொன்னார். சொன்னபோது அவர் குரலில் கொஞ்சம் சந்தோஷம் இருந்தது, அதை நான் மறக்கவில்லை.

அடுத்த வருஷம் அவளாகவே இவரிடம் திரும்பி வந்தாள். எப்படி வேண்டுமோ செய்துகொள், நான் எதுவும் சொல்லப்போவதில்லை என்றாள். அவர் அதைச் சமாதானம் என்று நினைத்தார். நானும்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வேலை முடிகிற கட்டத்தில் நான் அங்கே இருந்தேன். அறையின் மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். கடைசிப் பாட்டின் முடிவு எங்கே நிற்க வேண்டும் என்று பார்க்க வேண்டும். பழைய மாதிரி அவள் கண்ணை மூடி உட்கார்ந்தாள். இவர் ஓடவிட்டார்.

ஒலி தேய்ந்துகொண்டே வந்தது. அவள் விரலைத் தூக்கினாள். எனக்கு இன்னும் நன்றாகவே கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கே கேட்டது.

"அவசரப்படாத. ஒழுங்கா கேளு" என்றார் அவர்.

மறுபடி ஓடவிட்டார். அவள் விரல் எழுந்தது. அவர் திரையைப் பார்த்தார். பிறகு மூன்றாவது முறை, இந்தத் தடவை வேறொரு இடத்திலிருந்து ஆரம்பித்து, ஓடவிட்டார். விரல் எழுந்தது. மூன்று தடவையும் ஒரே இடம். கால் நொடிகூட முன்பின் இல்லை. அதற்கப்புறம் பதினான்கு நொடி இசை ஓடுகிறது. அவசரத்தில் கை தூக்குகிறவர் மூன்று தடவையும் ஒரே இடத்தில் தூக்க மாட்டார். அவள் கவனமாகத்தான் கேட்டிருக்கிறாள். அவளுக்கு இசை அங்கேயே முடிந்துவிட்டது.

அவர் அவள் பின்னால் போய் நின்று, சாதாரணக் குரலில் அவள் பெயரைச் சொன்னார். அவள் கண்ணை மூடியபடியே, விரலைத் தூக்கியபடியே இருந்தாள். இன்னொரு தடவை சொன்னார். நான் எழுந்துவிட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. தொலைந்த குழந்தையைத் தேடுகிற ஆள் அப்படிப் பார்ப்பார்.

காது டாக்டர் வயதான பெண்மணி. கண்ணாடி அறையில் உட்காரவைத்துச் சோதித்தார்கள். வெளியே வந்த தாளில் இரண்டு கோடுகளும் கீழே இறங்கிக் கிடந்தன. உடம்பே தன் உள்காதைத் தாக்கிக்கொள்கிற ஒரு நோய், அபூர்வமானது, ஆனால் இருக்கிறது என்றார். மெதுவானது இனிமேல் கேட்காது, பலமானது எல்லாரையும்விட அதிகமாகக் குத்தும், இரண்டுக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளியில்தான் இவளுக்கு இனி உலகம் என்றார். பலமான அடியை ஏன் குத்துகிறது என்று அவள் சண்டை போட்டது எனக்கு அப்போதுதான் புரிந்தது. குறைச்சலுக்கு எனக்கு முன்பே புரிந்திருக்க வேண்டும், குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்று கேட்டார் டாக்டர்.

"ரெண்டு வருஷம் இருக்கும்."

"ஆரம்பத்துலயே வந்திருந்தா மாத்திரை கொடுத்து நிறுத்திப் பாத்திருக்கலாம்மா. நிச்சயம்னு சொல்ல மாட்டேன். சில பேருக்கு நிக்கும். இப்ப போனது போனதுதான். இருக்கறதைக் காப்பாத்தப் பாக்கலாம். வீட்ல யாரும் கவனிக்கலையா?"

என் தங்கை தன் புருஷனைக் கைகாட்டிச் சிரித்தாள். "இவரு அப்பவே சொல்லிட்டாரு டாக்டர். உன் காது கெட்டுப்போச்சுன்னு."

டாக்டர் அவரை ஏறிட்டுப் பார்த்தார். அவர் அங்கேயே, நோயாளிகள் உட்காரும் முக்காலியில், முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நான் ஆறுதல் சொல்லவில்லை. அன்றைக்கு எனக்கு அவர்மேல் இருந்த கோபத்துக்கு, அறையாமல் விட்டதே பெரிது. என்னை நான் அறைந்துகொள்ளாததும்தான்.

திரும்பி வரும்போது வண்டியில் அவளிடம் கேட்டேன், ஏன்டி சொல்லவில்லை என்று. அவள் என் வாயைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"முதல்ல எனக்கே தெரியலக்கா. நான் ஒலிங்களைச் சேத்த மிக்ஸ்லதான் ஏதோ தப்புன்னு நினைச்சேன். தெரிஞ்சப்புறம் பயம். காது போனவளுக்கு யாரு வேலை கொடுப்பா? இவன் ஏத்திக் கொடுத்தா யாருக்கும் தெரியாம இன்னும் கொஞ்ச நாள் ஓட்டிடலாம்னு பாத்தேன்."

காதுக்கருவி வாங்கப் போனோம். அங்கிருந்த பெண், கருவி எப்படி வேலை செய்யும் என்று குழந்தைக்குச் சொல்வதுபோல விளக்க ஆரம்பித்தாள். மெதுவான ஒலியைத் தூக்கும், பலமான ஒலியை அமுக்கும், எல்லாவற்றையும் இவளுக்குக் கேட்கிற அந்தச் சின்ன இடைவெளிக்குள் கொண்டுவந்து வைக்கும். அவர் குறுக்கிட்டு, எந்த அளவில் அமுக்க ஆரம்பிக்கிறது, எத்தனை மடங்கு, எவ்வளவு சீக்கிரம் பிடித்து எவ்வளவு நேரத்தில் விடுகிறது என்று வரிசையாகக் கேட்டார். அந்தப் பெண் மிரண்டு போய், "சார் என்ன வேலை பாக்கறீங்க?" என்றாள்.

"இதே வேலைதான்" என்றார்.

கருவி பேச்சுக்கு உதவியது. இசைக்கு உதவவில்லை. நீண்டு ஒலிக்கும் ஒவ்வொரு சுரத்தையும் அது வேண்டாத இரைச்சல் என்று நினைத்து வெட்டப் பார்த்தது. அவள் தன் பழைய தொகுப்பு ஒன்றைப் போட்டுக் கேட்டுவிட்டு, கருவியைக் கழற்றி மேசையில் வைத்தாள். அதன்பிறகு பெரிய அறைக்குள் போவதையே நிறுத்திக்கொண்டாள். வேலை கேட்டு வந்தவர்களுக்கு உடம்பு சரியில்லை என்றாள். பகல் முழுக்கச் சமையலறை ஜன்னலில் உட்கார்ந்து எதிர்க் கட்டடத்துக்கு யாரோ வெள்ளையடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அப்போது அவர் ஆரம்பித்தார். யாரிடமும் சொல்லவில்லை. வந்த வேலைகளைத் திருப்பி அனுப்பிவிட்டு, அவள் இதுவரை செய்த எல்லாவற்றையும் எடுத்துவைத்தார். நாற்பத்துமூன்று பாட்டு. டாக்டர் கொடுத்த தாளைச் சுவரில் ஒட்டிக்கொண்டார். அவளுக்குக் கேட்கத் தொடங்கும் இடத்துக்கும் குத்தத் தொடங்கும் இடத்துக்கும் நடுவே இருக்கிற அந்த இடைவெளிக்குள், ஒவ்வொரு பாட்டையும் கைப்பட அமுக்கி வைப்பதென்று முடிவு. ஊரிலிருந்த எத்தனையோ பேர் கெஞ்சியும் செய்யாததை, ஒரே ஒரு ஆளுக்காக. செங்கல்கூட அவ்வளவு அமுக்கியதில்லை. ஆனால் இவர் குருட்டாம்போக்கில் நசுக்கவில்லை. பேஸ் தனி, நடு தனி, மேல் தனி என்று பிரித்து, ஒன்றை ஒன்று மிதிக்காமல் உட்காரவைத்தார். ஒரு பாட்டுக்கு நாலு நாள் ஆகும்.

அவள் காதில் அது எப்படி விழும் என்று தெரியாமல் இதைச் செய்ய முடியாது. அதனால் அந்தத் தாளைப் பார்த்து, அவள் கேட்கிற மாதிரியே தனக்கும் கேட்கும்படி கம்ப்யூட்டரில் ஒரு வழி பண்ணினார். முதல் தடவை அதைப் போட்ட அன்று மாலை என்னை மேலே கூப்பிட்டார்.

"உக்காருங்க அக்கா. அவளோட இதைத்தான் ரெண்டு வருஷமா மெதுவா வை, மெதுவா வைன்னு சண்டை போட்டேன். கேளுங்க."

ஓடவிட்டார். நான் காத்திருந்தேன். திரையில் கோடு நகர்ந்தது. ஒன்றும் கேட்கவில்லை. ஒரு நிமிஷம் போனது. இன்னொரு நிமிஷம் போனது. தூங்குகிறவரின் மூச்சு மாதிரி வரும் அந்த ஆரம்பம் எங்கேயும் இல்லை. திடீரென்று ஆணி அடித்த மாதிரி ஓர் அடி விழுந்தது, நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

"கேக்கலன்னுதான் சொன்னா. வேற எதுவுமே சொல்லல. கேக்கலன்னு மட்டும்தான் சொன்னா" என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். என் கோபம் அன்று வடிந்துவிட்டது. இப்படி ஒரு ஆளிடம் கோபித்துக்கொண்டு இனி என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது.

நாற்பத்துமூன்றும் முடிய ஆறு மாதம் ஆனது. ஆள் பாதியாகிவிட்டார். ஒரு ஞாயிறு, பதினோரு மணி இருக்கும், அவளைக் கையைப் பிடித்துப் பெரிய அறைக்கு அழைத்துப் போனார். "ஒரு பாட்டு. ஒண்ணே ஒண்ணு" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் போ என்று தலையாட்டினேன். கருவியைக் கழற்றச் சொல்லி, பெரிய ஹெட்போனை அவர் கையாலேயே மாட்டிவிட்டார். நாங்கள் இரண்டு பேரும் எதிரே உட்கார்ந்தோம். எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவள் முகம்தான் எங்களுக்கு இருந்தது.

முதல் நொடியிலேயே அவள் கண்கள் விரிந்தன. ஆரம்பம் வந்துவிட்டது. அந்த மூச்சு வந்துவிட்டது. அவள் கை தானாக மேசையைப் பிடித்துக்கொண்டது.  பாட்டு ஏழு நிமிஷம். அடி விழுகிற இடத்தில் அவள் சுளிக்கவில்லை, தலையை அசைத்தாள். கடைசி நொடிவரை கேட்டாள். முடிந்ததும் அதை முதலிலிருந்து போடச் சொன்னாள். இரண்டாவது தடவை கேட்கும்போதுதான் அவள் நெற்றியில் ஏதோ ஒரு சுருக்கம் விழுந்தது. நடுவிலேயே ஹெட்போனைக் கழற்றினாள்.

"எல்லாம் கேக்குது" என்றாள். "நான் வெச்சது எல்லாமே இருக்கு. ஒண்ணுகூட விட்டுப்போகல."

அவர் மூச்சை விட்டார்.

"ஆனா இதுல மெதுவான எடம் எது?"

அவர் பேசவில்லை.

"மூச்சு ஒலியும் அடியும் ஒரே அளவுல கேக்குது. எனக்கு அது வரப்போகுதுன்னே தெரியல. வந்ததும் தெரியல. மெதுவான எடம் எங்க இருக்குன்னு சொல்லு, அங்க கவனிக்கறேன்."

அவள் எதிரே இருப்பவர் வாயைப் பார்த்துப் பேச்சைப் படிக்கிறவள். அதனால் அவர் தலையை நிமிர்த்தி, ஒவ்வொரு சொல்லாக, அவளுக்குத் தெரியும்படி சொல்ல வேண்டியிருந்தது.

"இதுல மெதுவான எடம் இல்ல. வெச்சா உனக்குக் கேக்காது."

அவள் கொஞ்ச நேரம் ஹெட்போனின் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, அவர் தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு சாய்த்துக்கொண்டாள்.

"நீ சொன்னதுதான் சரி. அமுக்கினா அதுல ஒண்ணுமே மிஞ்சல" என்றாள்.

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவர் இரண்டு வருஷம் அவளோடு சண்டை போட்டார். "சொல்லாத, அப்படிச் சொல்லாத" என்று அவள் சேலைக்குள் முகத்தைப் புதைத்துச் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் வாய் அவளுக்குத் தெரியவில்லை. அதனால் அவள் அவர் தலையைத் தடவிக்கொண்டே மறுபடியும் சொன்னாள், நீ சொன்னதுதான் சரி என்று.